குமுதினியின் வைனும் ஞானேஸ்வரனின் தீர்ப்பும்

லண்டன் இல்ஃபோர்டில் ஞானேஸ்வரன் வீட்டில் வருடத்துக்கு முப்பத்தாறு போத்தல் வைன் உண்டாகிறது. அந்த வீட்டில் ஒருவரும் குடிப்பதில்லை. முதலாவது செய்தி இனசனம் முழுவதற்கும் தெரியும், பரிஸில் இருக்கிற தமையன் தொலைபேசியில் "குமுதினி இந்த வருஷம் எத்தினை பீப்பா காய்ச்சினவள்?" என்று பகிடி விடாத தீபாவளி கிடையாது. இரண்டாவது செய்தியை ஞானேஸ்வரன் பதினொரு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். பக்கத்து வீட்டு ஷெறோனைத் தவிர வேறு ஒருவருக்கும் அவர் அதைச் சொன்னதில்லை.

வைன் செய்பவள் அவருடைய மனைவி குமுதினி. ஐம்பத்தெட்டு வயது. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டாள், நவராத்திரிக்கு ஒன்பது நாளும் கோயில் மடப்பள்ளியில் நிற்பாள், வைனையோ வேறு எந்தக் குடிவகையையோ வாழ்நாளில் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. அப்படியானவள் எப்படி வைன் செய்கிறாள் என்று கேட்பவர்களுக்கு அவள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சாமிக்குப் படைக்கிற சர்க்கரைப் பொங்கலை ருசி பார்த்தா செய்கிறோம்?

அது நியாயமான கேள்வி. படையலுக்குச் சமைக்கிறவர் உப்புப் பார்க்கக்கூடாது, சாமிக்கு முன் வாய் வைக்கக்கூடாது. கறி கொதிக்கிற ஆவியை வைத்தே உப்புக் கூடவா குறையவா என்று கண்டுபிடிக்க வேண்டும். மணக்கவும் கூடாது என்று சொல்கிற கடும் ஆசாரக்காரர்களும் உண்டு. அப்படியென்றால் மூக்கை எங்கே கழற்றி வைப்பது என்று குமுதினி கேட்பாள். அவளுடைய மூக்கு கழற்றி வைக்கக்கூடிய மூக்கு இல்லை. ரொட்டி அடியில் பிடிப்பதை மாடியில் நின்று சொல்வாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்பதை முதல்நாளே உச்சந்தலையை முகர்ந்து சொல்வாள்.

அந்த மூக்கின் பெறுமதியை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஜேர்மன்காரர். இருபத்திரண்டு வயதில் அகதியாக ஜேர்மனிக்குப் போன குமுதினி, ஒரு முந்திரிகைத் தோட்டத்தில், அதாவது திராட்சைத் தோட்டத்தில், பழம் ஆயப் போனாள். பிறகு நிலவறையில் போத்தல் கழுவுகிற வேலை. ஒருநாள் ஒரு பீப்பாவைக் கடந்து போகும்போது, உள்ளே நனைந்த நாய் மணக்கிறது என்று தனக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில் சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் கிழமை பீப்பாவைத் திறந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்குப் போத்தல் கழுவுகிற வேலை இல்லை. காலையில் பீப்பா வரிசையோடு நடந்து மணந்துவிட்டு வருவதுதான் வேலை. குடித்துப் பார்க்கச் சொல்லி எத்தனையோ தரம் கேட்டார்கள். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு அடுத்த பீப்பாவுக்குப் போய்விடுவாள்.

பிள்ளைகளின் இங்கிலீசுக்காக எல்லாரையும் போல அவர்களும் லண்டனுக்கு இடம்பெயர்ந்தார்கள். ஞானேஸ்வரன் பொய்லர் பூட்டுகிற, திருத்துகிற தொழிலில் இறங்கி நன்றாக வந்தார். வாங்கிய வீட்டின் கராஜுக்கு மேலே, முன்பு இருந்த சைப்பிரஸ்காரர் நட்டுவிட்டுப் போன முந்திரிகைக் கொடி ஒன்று அட்டகாசமாகப் படர்ந்து கிடந்தது. முதல் வருடம் பழத்தை எல்லாம் குருவி தின்றது. இரண்டாம் வருடம் குமுதினி ஏணி வைத்து ஏறினாள்.

அவள் ஏறியதற்குக் குருவி மட்டும் காரணம் இல்லை. ஞானேஸ்வரன் அந்தக் காலத்தில் விஸ்கிக்காரர். பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் எதுவென்றாலும் மண்டபத்தின் கார் பார்க்கில், திறந்த கார் டிக்கியைச் சுற்றி நிற்கிற ஆண்களில் அவர் ஒருவர். கொண்டாட்டம் இல்லாத நாளிலும் அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். "உந்த விஸ்கியை விட்டுப்போட்டு நான் செய்யிறதை ஒரு கிளாஸ் குடியுங்கோ. என்ன போடுறன் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் குமுதினி. அவரும் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை வைன் குடித்தார், மற்ற ஆறு நாளும் விஸ்கி குடித்தார்.

இது இரண்டு வருடம் ஓடியது. மூன்றாம் வருடம் பழம் ஆய்கிற மாதத்தில், ஒரு வாடிக்கையாளர் வீட்டு மாடிப்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கணையம் அழன்று போயிருந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. கடைசி நாள் டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, இனி ஒரு சொட்டும் இல்லை, பியரும் இல்லை, வைனும் இல்லை, அடுத்தமுறை நீ இங்கே நடந்து வரமாட்டாய் என்று பச்சையாகச் சொன்னார். ஞானேஸ்வரனுக்கு அது உறைத்தது. அன்றைக்கு விட்டவர் விட்டவர்தான். அந்த மனவுறுதிக்கு அவரை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால், குளியல் தொட்டி நிறையக் கறுப்பு முந்திரிகைப் பழம். குமுதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கை வரை ஊதா நிறத்தில் நிற்கிறாள். ஒன்பது நாள் அழுத முகத்தில் ஒரு வெளிச்சம். "விஸ்கி வேண்டாம் எண்டிருப்பினம், எனக்குத் தெரியும். வைன்? அதுவும் கூடாதாமோ?" என்று கேட்டாள். ஞானேஸ்வரன் தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வைன் பரவாயில்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளாஸ்" என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன பொய் அவ்வளவுதான், சின்னப் பொய். ஆனால் அதைக் கட்டிக் காப்பது லேசான காரியமாக இருக்கவில்லை.

குமுதினியின் வைன் மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரியில் கிடந்து நொதிக்கும். கழுத்துக் குறுகிய பெரிய கண்ணாடிச் சாடிகள் ஆறு, ஒவ்வொன்றிலும் ஆறு போத்தல் அளவு. காற்று வெளியே போகவும் உள்ளே வராமலிருக்கவும் மூடியில் ஒரு தண்ணீர்க் குழாய். அது பொளக் பொளக் என்று விடுகிற குமிழியை வைத்தே எந்தச் சாடி சுறுசுறுப்பு, எது சோம்பேறி என்று அவள் சொல்வாள். அலுமாரிக்குள் ஞானேஸ்வரன் ஒரு குட்டி ரேடியேட்டர் பூட்டிக் கொடுத்திருக்கிறார். மாசி மாதக் குளிரில் வீட்டில் மனிதருக்குப் பதினெட்டுப் பாகை, வைனுக்கு இருபது. வண்டல் அடியில் தங்கியதும் குழாய் வைத்து வேறு சாடிக்கு மாற்றுவாள், மணப்பாள், மறுபடி மாற்றுவாள்.

ஞாயிறு நாலு மணிக்குக் கொடியின் கீழே இரண்டு கதிரை போட்டு, அவருக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருப்பாள். தீர்ப்புக்காகக் காத்திருப்பாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கிளாஸைச் சாய்ப்பதில் ஞானேஸ்வரன் கைதேர்ந்தவர் ஆகிவிட்டார். கண்ணை மூடுவார், தொண்டையை ஒருதரம் அசைப்பார், பிறகு வசனம். அந்த வசனம் அவருடையது அல்ல. புது வைன் வந்த முதல் கிழமையே ஒரு போத்தல் வேலிக்கு மேலால் ஷெறோனிடம் போயிருக்கும். ஷெறோன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். தகப்பன் கிழக்கு லண்டனில் போ என்கிற இடத்தில் பப் நடத்தியவர், அதன் மாடியில்தான் அவள் வளர்ந்தாள். அவளுக்கு வைனும் தெரியும், வாயும் உண்டு. இது முதலில் கடிக்கிறது, பிறகு வந்து மன்னிப்புக் கேட்கிறது என்று சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை ஞானேஸ்வரன் அதைத் தமிழாக்குவார்.

"முதல்லை கொஞ்சம் கடிக்குது. பேந்து வந்து சமாதானம் செய்யுது."

குமுதினி பூரித்துப் போவாள். பொய்லரைத் தவிர வேறொன்றைப் பற்றியும் நாலு சொல் சேர்த்துப் பேசாத மனிதர் வைனைப் பற்றி மட்டும் இப்படிப் பேசுகிறார் என்று தங்கைக்குப் பெருமையாகச் சொல்லுவாள்.

தீர்ப்புச் சொல்லி முடிந்தாலும் கிளாஸ் முடியாது. "அவர் ஜேர்மன்காரர் மாதிரி ஆறுதலாக் குடிக்கிறவர்" என்பது தங்கைக்குப் போகிற இன்னொரு பெருமை. கிளாஸ் மேசையில் இருக்க, இருவரும் ஒரு மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருப்பார்கள். முதியோர் இல்லத்தில் தொண்ணூற்றிரண்டு வயதுக்காரர் ஒருவர் காதல் கடிதம் எழுதிய கதை, பொய்லருக்குள் கூடு கட்டிய குளவியின் கதை, மகள் துஷ்யாவின் கதை, ஒன்றுமில்லாத கதை. ஐந்து மணிக்கு அவள் அரிசி போட உள்ளே போவாள். கிளாஸ் வேலியைத் தாண்டும். ஷெறோன் மறுபக்கத்தில் தயாராக நிற்பாள்.

ஒரேயொரு தடவை சறுக்கியது. எல்டர்பூவில் செய்த மஞ்சள் வைனும், பிளாக்பெரியில் செய்த கறுப்பு வைனும் ஒரே மாதத்தில் வந்த வருடம் அது. ஞானேஸ்வரன் வசனத்தை மாறிப் பாடம் பண்ணிவிட்டார். தெளிந்த மஞ்சள் வைனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "அடியிலை நல்ல கறுப்புப் பழத்தின்ரை கனம் கிடக்கு" என்றார். குமுதினி கிளாஸைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஓமோ" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். கடவுள் காப்பாற்றினார் என்று ஞானேஸ்வரன் பெருமூச்சு விட்டார்.

இந்த வருடம் மாசியில் குமுதினிக்குக் கடும் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போனது. போகும்போது மூக்கையும் கொண்டுபோனது.

முதலில் அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு காலை வெங்காயம் கரியாகிப் புகை அலாரம் அலறியது, அவள் அடுப்புக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் ஞானேஸ்வரனுக்கு விளங்கியது. மணம் திரும்பி வரும் என்று டொக்டர் சொன்னார், எப்போது என்று சொல்லவில்லை. அவள் தினமும் காலையில் கோப்பிப் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள், பிறகு பெருங்காயத்தை, பிறகு கற்பூரத்தை. ஒன்றும் இல்லை. மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஞானேஸ்வரனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வேறு வருடமென்றால் வைனைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டிருக்கமாட்டார்கள். இந்த வருடம் ஆவணியில் துஷ்யாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை பிரவீணன் நல்ல பிள்ளை. வரவேற்புக்கு முந்நூறுக்கு மேல் ஆட்கள், முப்பத்திரண்டு மேசை. மேசைக்கு ஒரு போத்தல் அம்மாவின் வைன் வைக்க வேண்டும், அதிலே அம்மாவின் பெயர் போட்டு லேபல் ஒட்ட வேண்டும் என்று துஷ்யா மார்கழியிலேயே சொல்லிவிட்டாள். அப்போது மூக்கு இருந்தது. குமுதினியும் ஆசையாகச் சம்மதித்திருந்தாள்.

வைகாசி கடைசியில், போத்தலில் அடைக்கிற காலம் வந்தது. ஒரு செவ்வாய் இரவுச் சாப்பாட்டின்போது குமுதினி கதையைத் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ. மூக்குப் போனாப் பிறகு மூண்டு தரம் சாடி மாத்தினனான். என்ன நடந்திருக்குதெண்டு எனக்குத் தெரியாது. புளிச்சிருந்தாலும் தெரியாது."

"ஒண்டும் நடந்திராது" என்றார் ஞானேஸ்வரன்.

"உது ஆறுதலுக்குச் சொல்லுறது. எனக்கு உண்மை வேணும். ஞாயிற்றுக்கிழமை ஆறு சாடியிலையும் எடுத்து வைக்கிறன். நீங்கள் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ. நல்லதெண்டால் நல்லது, கூடாதெண்டால் கூடாது. பின்னேரம் ஆறு மணிக்குத் துஷ்யா வாறாள், அவளுக்கு லேபல் அடிக்கிறதோ இல்லையோ எண்டு சொல்லோணும்."

ஞானேஸ்வரன் பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளி வைத்தார். சரி, ஷெறோனைப் பிடிப்போம் என்று எழும்பிப் பின்பக்கம் போனார். ஷெறோன் வீட்டு யன்னல்கள் சாத்திக் கிடந்தன. மார்கேட் என்கிற கடற்கரை ஊரில் இருக்கிற சகோதரியிடம் இரண்டு கிழமைக்குப் போகிறேன் என்று அவள் போன கிழமை சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அவர் பொய்லருக்கு முன் இருந்து யோசித்தார். எல்லாம் நல்லது என்று சொல்லிவிடலாம். ஒரு சாடி கெட்டிருந்தால்? மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் முதல் வாயில் முகத்தைச் சுளிப்பார், போத்தலில் குமுதினியின் பெயர் இருக்கும். எல்லாம் கூடாது என்று சொல்லிவிடலாம். அவள் ஒரு வருட உழைப்பைத் தொட்டியில் ஊற்றுவாள், மூக்கும் இல்லை வைனும் இல்லை என்று இருந்துவிடுவாள். வாயில் வைத்துத் துப்பலாம், ஜேர்மன் நிலவறையில் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ஞானேஸ்வரனுக்குத் தன்னைத் தெரியும். அவருடைய வாய்க்குள் போனது ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. உண்மையைச் சொல்லலாம் என்பது கடைசியாகத்தான் நினைவுக்கு வந்தது, வந்த வேகத்திலேயே அதைத் துரத்திவிட்டார். பதினொரு வருடம் நீ ஊற்றிக் கொடுத்ததை வேலிக்கு மேலால் கடத்தினேன், நீ பூரித்த வசனம் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரியுடையது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அவள் வைன் செய்வதையே விட்டுவிடுவாள். ஞாயிறு நாலு மணியும் இல்லாமல் போய்விடும். அந்த நாலு மணியை நினைத்தபோதுதான் அவருக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

ஞாயிறு வந்தது. நல்ல வெயில். கராஜ் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஆறு கிளாஸ் வைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு துண்டுக் கடதாசியில் இலக்கம் எழுதியிருந்தாள் குமுதினி. ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் அளவு வைன், எல்லாம் ஒரே நிறம்.

ஞானேஸ்வரன் முதலாவதை எடுத்தார். மணந்தார். முப்பது வருடம் ஈயப் பற்று வைத்த புகை குடித்த மூக்கு அது. அவருக்கு வைன் மணந்தது, அவ்வளவுதான். இரண்டாவதும் அப்படியே. ஆனால் வாயில் எச்சில் ஊறியது. பதினொரு வருடத்துக்குப் பிறகும் ஊறுகிறதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. குமுதினி பார்த்துக்கொண்டு நின்றாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் கொஞ்சம் மெலிந்திருந்தாள். அவளுக்கு இன்று பொய் சொன்னால் அது சின்னப் பொய்யாக இருக்காது என்று ஞானேஸ்வரனுக்குத் தெரிந்தது. கிளாஸைத் துணியில் வைத்தார்.

"குமுதினி, இரும். ஒரு கதை சொல்லோணும்."

"நிண்டுகொண்டு கேட்டால் கேக்காதோ?"

"இரும்."

அவள் இருந்தாள். ஞானேஸ்வரன் நின்றுகொண்டே சொன்னார். "நான் உதைக் குடிக்கிறேல்லை. ஆஸ்பத்திரியாலை வந்த நாளிலை இருந்து ஒரு சொட்டும் குடிக்கேல்லை. வைன் பரவாயில்லை எண்டு டொக்டர் சொல்லேல்லை, அது நான் சொன்ன பொய். நீர் ஊத்தித் தந்ததெல்லாம் ஷெறோனிட்டைத்தான் போனது. நான் சொன்ன கதையெல்லாம் அவ சொன்ன கதை. இண்டைக்கும் உதிலை எது நல்லது, எது கூடாதெண்டு எனக்குத் தெரியாது. தெரியாதெண்டு சொல்லுறதைத் தவிர வேறை என்ன சொல்லுறதெண்டும் தெரியேல்லை."

குமுதினி சாடியிலிருந்து வைன் எடுத்த குழாயைத் துடைத்துச் சுருட்டி மேசையில் வைத்தாள்.

"ஷெறோன் ரெண்டரை ட்ரெயினிலை வாறா. நான் நேற்றே மெசேஜ் போட்டனான். நாலு மணிக்கு முதல் இஞ்சை நிப்பா" என்றாள்.

"ஷெறோன் என்னத்துக்கு?"

"குடிச்சுப் பாக்க. இவ்வளவு வருஷமும் அவதானே பாத்தவ."

ஞானேஸ்வரன் கதிரையைத் தேடி இருந்தார். அவள் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். அவர் ஆறு கிளாஸோடும் தனியாக இருந்தார். ஆறும் அவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது.

ஷெறோன் உருட்டுப் பெட்டியோடு நேராகவே கராஜுக்கு வந்தாள். இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவழியாகச் சொல்லிவிட்டாயா என்று ஞானேஸ்வரனிடம் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். நல்லது, இனி வேலிக்கு அந்தப் பக்கம் முழங்கால் வலியோடு நிற்கத் தேவையில்லை, கதிரை போட்டுத் தாருங்கள் என்றாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாவது கிளாஸை எடுத்தாள். பகிடி எல்லாம் போய், பப் வைத்திருந்தவரின் மகளாக மாறிவிட்டாள்.

முதலாவது நல்லது. இரண்டாவது நல்லது. மூன்றாவது இன்னும் கொஞ்சம் இளமை, ஆவணிக்கு முதிர்ந்துவிடும். நாலாவதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதும் ஷெறோன் முகத்தைத் திருப்பினாள். நெயில் பொலிஷ் மணக்கிறது என்றாள். வாயில் வைக்கவே இல்லை. ஐந்தாவதில் ஒரு வாய் குடித்தாள். பிறகு இன்னொரு வாய் குடித்தாள். இத்தனை வருடத்தில் இதுதான் சிறந்தது என்று குமுதினியைப் பார்த்துச் சொன்னாள். ஆறாவதும் நல்லது.

குமுதினி நாலாவது கிளாஸை எடுத்து மூக்கடியில் பிடித்தாள். நீண்ட நேரம் பிடித்திருந்தாள்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை" என்றாள். குரல் உடைந்தது. மாசியிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வந்தது. ஷெறோன் அவளுடைய தோளைச் சுற்றிக் கையைப் போட்டு, வரும், வரும்வரை என் மூக்கு இங்கே சும்மாதான் கிடக்கிறது என்று சொன்னாள். ஞானேஸ்வரன் லேஞ்சியை நீட்டினார். குமுதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். ஐந்து சாடி, முப்பது போத்தல். மேசை முப்பத்திரண்டு. பிரவீணனின் சித்தப்பாமார் இரண்டு மேசை நிறையப் பக்திமான்கள், அவர்களுக்குத் தோடம்பழச் சாறு வைக்கலாம்.

ஆறு மணிக்குத் துஷ்யா வந்தாள். ஷெறோன் ஐந்தாவது சாடியின் கதையை அவளுக்குக் கையும் காலும் வைத்துச் சொன்னாள். "Amma, I told you" என்று துஷ்யா தாயைக் கட்டிப்பிடித்துவிட்டு, லேபலுக்கு அங்கேயே நின்று ஓடர் கொடுத்துவிட்டுப் போனாள். நாலாவது சாடியை வினாகிரியாக விட்டுவிடுவோம் என்று முடிவானது. ஷெறோன் பெட்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கிளாஸ்களைக் கழுவும்போதுதான் ஞானேஸ்வரனுக்கு வாய் வந்தது.

"உமக்கு எப்ப தெரியும்?"

"நீங்கள் ஆஸ்பத்திரியாலை வந்து முதல் ஞாயிற்றுக்கிழமை."

"அண்டைக்கேயோ?"

"என்ரை மூக்கை என்னெண்டு நினைச்சனீங்கள்? வைன் குடிச்சவர் எண்டு பக்கத்திலை வந்து படுக்கிறீங்கள். தேத்தண்ணி மணக்குது." அவள் ஒரு கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் துடைத்தாள். "பேந்து ஒருக்கால் மஞ்சள் வைனிலை கறுப்புப் பழம் கண்டுபிடிச்சனீங்கள்."

ஞானேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் துணிவு வரவில்லை. "அப்ப ஏன் இண்டைக்கு என்னைக் கேட்டனீர்?"

"பிள்ளையின்ரை கலியாணத்துக்கும் பொய் சொல்லுவீங்களோ எண்டு பாத்தனான்."

"சொல்லியிருந்தால்?"

"ஷெறோன் எப்பிடியும் வந்திருப்பா, வைன் தப்பியிருக்கும். எனக்குத்தான் மனம் விட்டுப் போயிருக்கும்."

குழாயை நிறுத்தினார் ஞானேஸ்வரன். கேட்கவேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருந்தது.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டு, ஏன் பதினொரு வருஷமா ஊத்தித் தந்தனீர்?"

குமுதினி துணியைப் பிழிந்து கம்பியில் விரித்தாள்.

"நீங்கள் விஸ்கி குடிச்ச காலத்திலை நான் குசினிக்குள்ளை நிண்டு, குடிக்கேக்கை கொறிக்கிறதுக்குப் பைட்ஸ் பொரிச்சனான். தட்டை வாசல்லை வைச்சுப்போட்டுத் திரும்பி வாறது. கலியாணம் கட்டி அத்தினை வருஷத்திலை நீங்கள் ஒரு மணித்தியாலம் என்ரை பக்கத்திலை இருந்து கதைச்சதில்லை. ஆஸ்பத்திரியாலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தனீங்கள். கிளாஸ் இல்லாட்டி இருப்பீங்களோ எண்டு எனக்குத் தெரியேல்லை. அதாலைதான் ஊத்தினனான்."

ஞானேஸ்வரன் ஈரக் கையோடு அப்படியே நின்றார். மூன்று நாளாக எந்த நாலு மணியை இழந்துவிடுவோம் என்று அவர் பயந்தாரோ, அதற்கு அவளும் பதினொரு வருடமாகப் பயந்திருக்கிறாள் என்று அவருக்கு விளங்கியது.

"இருப்பன், குமுதினி" என்றார். "கிளாஸ் இல்லாட்டிலும் இருப்பன்."